இருபத்தாறு மாத்திரை

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். நமுனுகுல மலைப்பக்கமிருந்து இறங்கிய தூறல் பதுளைக் கடைவீதியைச் சேறாக்கிக்கொண்டிருந்தது. கடையில் ஈ ஆடவில்லை. பத்திரிகையின் இந்தப் பத்திக்கு என்ன எழுதலாம் என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஓதுவார் வீட்டு அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு படியேறினார்.

பார்வதியம்மாளைப் பதுளைக்காரர்கள் அறிவார்கள். கோயிலில் தேவாரம் பாடுகிற ஓதுவாரின் மனைவி. வெங்காயம்கூட வாசற்படி தாண்டாத வீடு. என் இங்கிலீஷ் மருந்துக்கடைக்கு அவர் வந்ததே இல்லை. இந்தப் புட்டிகளில் எதில் சாராயம் இருக்கிறதோ, எதில் கொழுப்பு இருக்கிறதோ என்று பயம். நியாயமான பயம்தான்.

"வாங்கம்மா... என்ன, இவ்வளவு தூரம்?"

அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, விசாலம் சாப்பிடுறாளே ஒரு மாத்திரை... அதுல எனக்கும் கொஞ்சம் வேணும். அவ ஆளே மாறிட்டா. எனக்கும் அதே தொந்தரவுதான், ரெண்டு வருஷமா. யார்கிட்டச் சொல்றது?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அது தீர்ந்துபோச்சேம்மா..."

"தீரலையே? இன்னும் முப்பதுக்கு மேல இருக்குன்னாளே. பாதி தர்றேன், சாயங்காலம் கோயிலுக்குக் கொண்டாரேன்னு சொன்னா. உங்களை ஒரு வார்த்தை கேக்காம வாங்கக் கூடாதுன்னுதான் வந்தேன்."

எவ்வளவு மரியாதையான மனுஷி, பாருங்கள். என்னை ஒரு வார்த்தை கேட்க வந்திருக்கிறார்! நான் எவரை ஒரு வார்த்தை கேட்டேன்?

விசாலம் என் மனைவி. அந்தப் பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம், ஆள் புதிதல்ல. இந்தப் பத்தியில் 'நம் வீட்டு வீராங்கனை' என்று மாதத்துக்கு ஒருமுறையாவது வந்துபோவாளே — அவள்தான். பதுளைக் குளிரில், ஊரே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போது, ஜன்னலை எல்லாம் விரியத் திறந்துவிட்டு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். உப்புக் கூடிப்போன சாம்பாருக்காகத் தானே கோபித்துத் தானே அழுபவள். 'எரிமலைக்குப் பக்கத்தில் குடித்தனம்' என்று தலைப்புக்கூடப் போட்டேன். ஹாலிஎலயிலிருந்து ஒரு வாசகர், 'ஐயா, எங்கள் வீட்டிலும் ஒரு எரிமலை உண்டு' என்று எழுதியிருந்தார். நான் அதையும் அச்சில் போட்டேன். எல்லோரும் சிரித்தோம்.

விசாலமும் படித்தாள். நன்றாகத் தமிழ் வாசிப்பாள். பத்திரிகை வந்ததும் முதலில் என் பத்தியைத்தான் பிரிப்பாள். படித்துவிட்டு மடித்து வைத்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள். அவ்வளவுதான். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட மகா புத்திசாலி நான்.

விஷயம் என்னவென்றால், அவளுக்கு நாற்பத்தாறு வயது. மாதாமாதம் வருவது நின்று ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. திடீரென்று மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, முகம், காது என்று ஏறும். ரவிக்கை நனைந்துபோகும். அடுத்த நிமிஷமே குளிரும். தூக்கமில்லை. படபடப்பு. காரணமில்லாத அழுகை. 'எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சாங்க?' என்று ஒருநாள் அவளே கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். மருந்துக்கடைக்காரன் மனைவிக்குப் பைத்தியம் பிடித்தால் ஊர் என்ன சொல்லும் என்று ஜோக் அடித்தேன். அடுத்த வாரம் அதையே பத்தியில் எழுதினேன்...

கடைசியில் ஒரு டாக்டரிடம் பேசினேன். தோட்டங்களுக்குக் குதிரையில் போய்வருகிற டாக்டர்; திரும்புகிற வழியில் என் கடையில் ஒரு பீங்கான் கோப்பைத் தேநீர் குடிப்பார். ஆண் டாக்டரிடம் விசாலம் வரமாட்டாள். அதனால் அவள் நோயை நான் சொன்னேன், அவர் கேட்டார். கவனியுங்கள் — வியாதி அவளுடையது. பேசினது நாங்கள் இரண்டு பேர்.

டாக்டர் விளக்கினார். பெண்களின் கருப்பைக்கு இருபுறமும் இரண்டு சிறு பைகள் இருக்கின்றனவாம். கருமுட்டை அங்கேதான் விளைகிறது. அதோடு அங்கிருந்து ஒரு ரசமும் ஊறி ரத்தத்தில் கலக்கிறதாம். அந்த ரசம் சரியாக ஓடுகிறவரை மாதவிலக்கு, தூக்கம், உடம்புச் சூடு எல்லாம் ஒரு ஒழுங்கில் இருக்கும். வயதாகி அந்தப் பைகள் வற்றினால், ஒழுங்கு குலையும்.

"அந்த ரசத்துக்குப் பேர் என்ன டாக்டர்?"

"இன்னும் ஒரு பேர் நிலைக்கலைங்க. ஆளுக்கொரு பேர் சொல்றாங்க" என்றார்.

பெண்டாட்டியின் கோபத்துக்கு ஆயிரம் பெயர் வைத்திருக்கிறோம். கோபத்துக்குக் காரணமானதற்கு இன்னும் ஒரு பெயர் அமையவில்லை.

கொழும்பில் ஒரு மாத்திரை கிடைக்கிறது, சிலருக்குக் கேட்கிறது என்கிறார்கள், வேண்டுமானால் முயன்று பாருங்கள் என்றார். எழுதிப் போட்டேன். இப்போதுதான் ரயில் பதுளைவரை வந்துவிட்டதே. பார்சல் சீக்கிரமே வந்து சேர்ந்தது. பழுப்பு நிறப் புட்டி. அறுபது மாத்திரை. லேபிளில் இங்கிலீஷில் சிறிய எழுத்தில் போட்டிருந்ததைப் படித்தேன். மறுபடியும் படித்தேன்.

பசுவின் சினைப்பையை எடுத்து, உலர்த்தி, பொடித்துச் செய்த மாத்திரை.

விசாலம் யார் தெரியுமா? மதுரைப் பக்கத்துச் சைவக் குடும்பத்துப் பெண். மீன்கடை வழியாக நடக்க நேர்ந்தால் மூச்சை அடக்கிக்கொள்கிறவள். வெள்ளிக்கிழமை பால்காரர் தன் பசுவை ஓட்டிக்கொண்டு வந்து வாசலிலேயே கறந்து கொடுப்பார். அன்றைக்கு அந்தப் பசுவுக்கு நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு கட்டு அகத்திக்கீரை ஊட்டிவிட்டுத்தான் விசாலம் உள்ளே வருவாள். பதினைந்து வருஷமாக ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. பசு எங்கள் வாசலுக்கு வந்ததும் தானாக நின்றுவிடும்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? புட்டியை அவள் முன் வைத்து, 'இது இன்னது, வேண்டுமா வேண்டாமா' என்று கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்தேன். மாத்திரைகளைக் காலி லேகிய ஜாடி ஒன்றில் கொட்டினேன். "மதுரையிலேருந்து வரவழைச்ச மூலிகை" என்று அவளிடம் கொடுத்தேன்.

மதுரை என்றதும் அவள் முகம் மலர்ந்தது. ஜாடியைச் சாமி மாடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

தினம் சாயங்காலம் விளக்கேற்றியதும் ஒரு மாத்திரை. திருநீறு பூசி, கிழக்கே பார்த்து நின்று விழுங்குவாள். வெள்ளிக்கிழமை அன்று முழுப் பட்டினி. மருந்துக்கு விரதம் இல்லை என்பதால் முதலில் வாயில் படுவது அந்த மாத்திரைதான். எனக்கு உறுத்தியது... பொய் சொல்ல மாட்டேன். உறுத்தியதால்தான் விளக்கேற்றும் நேரத்துக்குக் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து நானே அவள் கையில் கொடுப்பேன். அவள் விழுங்கி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பேன். பிறகு இருவரும் அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்போம். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை.

பத்து நாளில் அவள் தூங்கினாள்! இரண்டு வாரத்தில் சூடு குறைந்தது. ஒருநாள் ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது! விஞ்ஞானத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன். லேபிளை உரித்த என் சாமர்த்தியத்துக்கும் ஒரு கும்பிடு.

அதற்குள் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

பார்வதியம்மாளிடம் ஏதோ உளறி அனுப்பிவிட்டுக் கடையை இழுத்து மூடினேன். மழையில் நனைந்தபடியே வீட்டுக்கு ஓடினேன். விசாலம் சாமி மாடத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். ஜாடி திறந்திருந்தது. பதினேழு மாத்திரையை எண்ணி எடுத்து, ஒரு சிட்டிகைத் திருநீறும் சேர்த்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன, இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"விசாலம், அதைக் கொடுக்காதே."

"ஏன்? பாவம், அவ படுற பாடு எனக்குத்தானே தெரியும்? நல்ல மருந்தை எதுக்கு ஒளிக்கணும்?"

'உன் உடம்புக்கு மட்டும்தான் சேரும்' என்று இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்தத் திருநீறு என் கண்ணில் பட்டுவிட்டது. சொல்லிவிட்டேன். மொத்தமாக, ஒரே மூச்சில்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"பசுவோட... எது?"

சொன்னேன்.

"செத்த மாட்டுலேருந்தா? இல்ல, இதுக்குன்னே கொன்னா?"

"கசாப்புக் கடையில அறுக்கிறதுலேருந்துதான் எடுப்பாங்க..."

எரிமலை வெடிக்கும் என்று நின்றேன். வாசகர்களே, வெடிக்கவில்லை. அவள் அந்தக் காகிதத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். விரல்களை மடக்கி எண்ணினாள்.

"வியாழக்கிழமை ஆரம்பிச்சது. நேத்தோட இருபத்தாறு. நாலு வெள்ளி" என்றாள். பிறகு விளக்கைப் பார்த்தாள். "இங்கேயே நின்னு சாப்பிட்டேன்."

எழுந்து கிணற்றடிக்குப் போனாள். தூறலில் நின்றுகொண்டு வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டாள். போதும், போதும் என்று நான் கெஞ்சினேன். அவள் காதில் விழவில்லை. குளித்து முடித்து, நடுங்கிக்கொண்டு, ஈரப் புடவையோடு திரும்பினாள்.

"நல்லா இருந்தேனேங்க, இத்தனை நாளும். தூங்கினேன், சிரிச்சேன். அதெல்லாம் நான் இல்லையா?"

நான் ஒரு துண்டை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"என் உடம்புல என்ன நடக்குதுன்னு டாக்டருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். பத்திரிகை படிக்கிறவங்க அத்தனை பேருக்கும் தெரியும். என்கிட்டச் சொல்லணும்னு மட்டும் ஒருத்தருக்கும் தோணலையா?"

இத்தனை வருஷம் வாரந்தவறாமல் எழுதுகிறேன். சொல்லுக்குப் பஞ்சமில்லாதவன் என்று பெயர். அன்று ஒரு சொல் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. பசு வாசலில் வந்து நின்றது. பால்காரர் கறந்து முடித்தார். பசு நகரவில்லை. விசாலம் வெளியே வரவில்லை. "அம்மா ஊருல இல்லீங்களா?" என்றார் பால்காரர். அடுக்களையில் அகத்திக்கீரைக் கட்டு வாங்கியபடியே கிடந்தது. நான் எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். பசு தின்றது. அதற்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உள்ளே விசாலம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மத்தியானம் சூடு திரும்பி வந்தது. முன்னைவிட மோசமாக. முகமெல்லாம் சிவந்து, வியர்வை கொட்ட, ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்தாள். ஜன்னலைத் திறக்கவில்லை. நான் போய்த் திறந்தேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். பெயர் கருப்பாயி. கொழுந்து பறிக்கிறவள், விசாலத்தைவிட நாலைந்து வயது கூட இருக்கும். வலது கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். தடவுவதற்குத் தைலம் வேண்டுமாம்.

"கைக்கு என்ன ஆச்சு?"

"கான்ல வழுக்கி உக்காந்தேங்க. கையை ஊனுனேன், படக்குன்னு போயிருச்சு. முன்னெல்லாம் எத்தனை தடவ விழுந்து எந்திரிச்சிருக்கேன்... இப்ப எலும்பு முருங்கக்கொம்பா ஆயிருச்சு."

கான் என்றால் மலைச்சரிவில் தண்ணீர் ஓட வெட்டின வடிகால். சாதாரண நாளாக இருந்தால் தைலத்தைக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். அன்று கேட்டேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு உடம்பு திடீர்னு எரியுமா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"எரியாம? தீட்டு நின்னு மூணு வருசமாச்சு. கொழுந்து எடுக்கையில நெஞ்சுக்குள்ள அடுப்பு மூட்டுன மாதிரி இருக்கும். முந்தானையைக் கான் தண்ணியில நனைச்சுக் கழுத்துல போட்டுக்குவோம். எங்க லயத்துல என் வயசுக்காரி எல்லாரும் அப்படித்தான்."

"கங்காணிகிட்டச் சொல்றதில்லையா?"

"என்னன்னு சொல்றதுங்க? காச்சல்னா கொயினா குடுப்பாக. புள்ளத்தாச்சின்னா கூடையில பாரம் கொறைப்பாக. இதுக்குப் பேரு என்ன? பேரு இல்லாத சீக்குக்குப் பெரட்டுல நின்னு என்னத்தச் சொல்ல?"

விடிந்ததும் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் இந்த நோய்க்கு இடமில்லை. டாக்டரின் புத்தகத்தில் அந்த ரசத்துக்குப் பெயர் இல்லை, கருப்பாயியின் கங்காணியிடம் அந்த நோய்க்கும் பெயர் இல்லை. ஸ்பிரிங்வெளியிலிருந்து நமுனுகுலவரை எத்தனை லயக் குடியிருப்பு, எத்தனை நனைந்த முந்தானை... நான் மட்டும் ஒரே ஒரு பெண்ணை வைத்து ஊரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன்.

தைலத்தைக் கொடுத்தேன். எலும்புக்கு அது ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

போன புதன்கிழமை டாக்டர் தேநீருக்கு வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடடா! என் அபிப்பிராயத்தைக் கேட்டா, அந்த மாத்திரையில ஒண்ணுமே இல்லைங்க. காயவச்சு, பொடியாக்கி, அதை வயிறும் ஜீரணிச்சப்புறம் அந்த ரசம் எங்க மிஞ்சும்? சுண்ணாம்பைத் தின்ன மாதிரிதான். தூங்கினாங்கன்னா அது நம்பிக்கையில. இல்லேன்னா பக்கத்துல ஆள் இருந்த தைரியத்துல."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க அவ்வளவு ஆசையாக் கேட்டீங்க..." என்றார்.

நான் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன். எனக்கு அப்படி ஒரு நிம்மதி! அவளைக் குணமாக்கியது பசு இல்லை; உள்ளே போனது வெறும் தூள். தூங்கினதும் சிரித்ததும் இவளேதான். இதைச் சொன்னால் அவள் முகம் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். விளக்கேற்றுகிற நேரம். பழக்க தோஷத்தில் ஒரு டம்ளர் தண்ணீரையும் மொண்டுகொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

விசாலம் கேட்டுக்கொண்டாள். எட்டு நாளில் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

"அப்ப, எனக்கு மருந்தே இல்லையாங்க?"

நான் கொண்டுபோன சந்தோஷம் அந்த இடத்திலேயே செத்தது. இதை நான் நினைத்தே பார்க்கவில்லையே... பாவமோ புண்ணியமோ, இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்கிற நினைப்பாவது இத்தனை நாளும் அவளிடம் இருந்திருக்கிறது. வேண்டாம் என்று தள்ளுவதற்காவது ஒரு மருந்து இருந்தது. அதையும் ஓடிப்போய்ப் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறேன்.

என்றைக்காவது ஒருநாள் அந்த ரசத்துக்குப் பெயர் வைப்பார்கள். யாரையும் கொல்லாமல், எதையும் ஒளிக்காமல் ஒரு மருந்தும் செய்வார்கள். லேபிளில் உள்ளதைப் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டுகிற புருஷன்மாரும் அப்போது இருப்பார்களோ என்னவோ. விசாலத்துக்கு அது உதவாது. கருப்பாயிக்கும் உதவாது. பார்வதியம்மாளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் கடைப்பக்கம் வந்தால் உள்ளே போய் ஒளிந்துகொள்கிறேன்.

'வீராங்கனை' இனி இந்தப் பத்தியில் வரமாட்டாள். கேட்டு எழுதாதீர்கள். இந்த வாரம் எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் அவளிடம் நீட்டினேன். இதையாவது கேட்டுக்கொண்டு செய்வோமே என்று. வாங்கிப் படித்தாள், முழுவதும். "போடுங்க" என்றாள். "எங்களை மாதிரி யாராவது படிப்பாங்க." நல்லாத்தான் எழுதியிருக்கீங்க என்று சொல்லவில்லை.

அந்தப் புதன்கிழமை டம்ளர் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. கழுத்துத் துண்டை அதில் நனைத்துப் பிழிந்து, மறுபடியும் போட்டுக்கொண்டாள்.

இருபத்தேழு வருஷ தாம்பத்தியத்தில் நான் கொடுத்த ஒரே சரியான மருந்து, அந்த ஒரு டம்ளர் தண்ணீர்தான்.